சூப்பர்சார்ஜர் பூட்டும் எஞ்சினுக்குக் கம்ப்ரஷன் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஞ்சின் பிரித்துக் கட்டுகிறவர்களிடமிருந்து எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இந்த ஒன்றைச் சுற்றித்தான்: சூப்பர்சார்ஜர் (எஞ்சினே பெல்ட்டால் சுற்றி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் பம்பு) பூட்டினால் கம்ப்ரஷன் விகிதம் எவ்வளவு வைப்பது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலித்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கணக்குகளுக்கு டொயோட்டாவின் 4ஏ எஞ்சினை உதாரணமாக வைத்திருக்கிறேன். அதை நானே கட்டியிருக்கிறேன். அதோடு, ஒரே அடிப்படை எஞ்சினைச் சூப்பர்சார்ஜர் இல்லாமலும் (4ஏ-ஜிஇ) அதோடும் (4ஏ-ஜிஸெட்இ) கம்பெனியே செய்து விற்றிருக்கிறது. நமக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

கம்ப்ரஷன் விகிதம் என்பது சரியாக என்ன?

பிஸ்டன் அடியில் இருக்கும்போது அதற்கு மேலே உள்ள மொத்த இடத்தை, பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சுகிற இடத்தால் வகுத்தால் வருவது. 4ஏ-யின் போர் (சிலிண்டரின் விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 77 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 396.8 சி.சி., நான்குக்கும் சேர்த்து 1587. பழைய 16 வால்வ் 4ஏ-ஜிஇ-யில் விகிதம் 9.4. அப்படியென்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சுவது 47.2 சி.சி. ஒரு சின்ன டீ கிளாஸில் பாதிதான். நாம் பேசப்போவது முழுக்க இந்த அரை டீ கிளாஸ் இடத்தைப் பற்றித்தான்.

சூப்பர்சார்ஜர் வந்தால் அதை ஏன் குறைக்க வேண்டும்?

நாக்கிங். பெட்ரோலும் காற்றும் கலந்தது ஸ்பார்க் பிளக்கிலிருந்து தீப்பிடித்து, தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பரவ வேண்டும். தீ வந்து சேருமுன் கடைசி மூலையில் இருக்கிற கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடித்தால் அதுதான் நாக்கிங். டிங் டிங் என்று கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம் வரும். சூப்பர்சார்ஜர் உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை ஏற்றுகிறது, கூடவே அதைச் சூடாக்கியும் அனுப்புகிறது. ஏற்கெனவே அழுத்திச் சூடாக்கிய காற்றைப் பிஸ்டன் மறுபடியும் அழுத்துகிறது. எங்கேயாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

விட்டுக்கொடுப்பது கம்ப்ரஷன் விகிதமாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது அதுதான்.

கம்பெனிகள் எவ்வளவு வைத்தன?

டொயோட்டா 1986-இல் எம்ஆர்2 காரில் 4ஏ-ஜிஸெட்இ-யைக் கொண்டுவந்தபோது 9.4-ஐ 8.0 ஆக இறக்கியது. பின்னால் வந்த பதிப்புகளில் அதே எஞ்சினில் 8.9. குதிரைத்திறன் 145-இலிருந்து 165-க்கும், கடைசியில் 170-க்கும் போனது. சூப்பர்சார்ஜரைக் கழற்றிவிட்டு அல்ல, வைத்துக்கொண்டேதான் விகிதத்தை ஏற்றினார்கள். முதல் தடவை பயந்து இறக்கியதில் பாதிக்கு மேல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

மினி கூப்பரில் சாதா 1.6 எஞ்சினுக்கு 10.6, சூப்பர்சார்ஜர் வைத்த கூப்பர் எஸ்-ஸுக்கு 8.3. ஜெனரல் மோட்டார்ஸின் 3.8 லிட்டர் வி6-இல் 9.4, அதிலேயே ஈட்டன் எம்90 சூப்பர்சார்ஜர் வைத்ததற்கு 8.5. இவை எல்லாம் பழைய தலைமுறை. 2009 கார்வெட் இசட்ஆர்1-இன் எல்எஸ்9 எஞ்சினில் 9.1, டாட்ஜ் ஹெல்கேட்டில் 9.5. 2015 கார்வெட் இசட்06-இன் எல்டி4-இல் 10.0. கடைசியில் சொன்னதில் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிறார்கள். அது ஆவியாகும்போது உள்ளே இருக்கிற காற்றையே குளிர்விக்கிறது. அந்த வசதி நம் பழைய எஞ்சினில் இல்லை என்பதால் அந்த 10.0-ஐப் பார்த்து ஆசைப்படக் கூடாது.

பூஸ்ட்டை விகிதத்தோடு பெருக்கி "உண்மையான விகிதம்" கணக்கிடலாமா?

எல்லா இடத்திலும் அந்தச் சூத்திரம் கிடக்கிறது. பூஸ்ட் என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு (சுமார் 1 பார்) மேல் சூப்பர்சார்ஜர் ஏற்றும் அழுத்தம். 0.6 பார் பூஸ்ட் என்றால் மொத்தம் 1.6 மடங்கு, 8.5 விகிதத்தோடு பெருக்கினால் 13.6. "ஐயோ, 13.6 பங்க் பெட்ரோலில் ஓடாதே!" என்று அடுத்த வரியில் அலறுவார்கள். ஹெல்கேட்டின் 9.5-ஐயும் அதன் சுமார் 0.8 பார் பூஸ்ட்டையும் இதே மாதிரி பெருக்கிப் பாருங்கள், 17 வரும். அது பிரீமியம் பங்க் பெட்ரோலில் 707 குதிரைத்திறனோடு ஊர் சுற்றுகிறது.

இன்னொரு கட்சி 1.6-இன் வர்க்கமூலத்தை எடுத்துப் பெருக்கி 10.75 என்று சொல்லும். இது நிஜத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும், ஆனால் இதுவும் கைக்கணக்குதான். இரண்டு சூத்திரத்திலும் காற்றின் சூடு எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? ஒரே எஞ்சினில் இரண்டு செட்டப்பை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பி பிஸ்டன் ஆர்டர் செய்யாதீர்கள்.

சரி, அந்தச் சூடு எவ்வளவு பெரிய விஷயம்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வெளியே 30 டிகிரி. பூஸ்ட் 0.6 பார். எந்த நஷ்டமும் இல்லாமல் காற்றை அழுத்த முடிந்தால்கூட அது சுமார் 44 டிகிரி சூடேறும். நிஜ சூப்பர்சார்ஜர் அவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது. பழைய ரூட்ஸ் வகை (இரண்டு உருளைகள் சுழன்று காற்றைத் தள்ளுவது) ஒன்றுக்கு 55 சதவீதத் திறன் என்று வைத்தால் ஏற்றம் 79 டிகிரி. அதாவது 109 டிகிரிக் காற்று எஞ்சினுக்குள் போகிறது. தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கும் மேல். ட்வின் ஸ்க்ரூ (இரட்டைத் திருகு) வகைக்கு 70 சதவீதம் என்று வைத்தாலும் 92 டிகிரி.

நடுவில் ஒரு இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) வைத்து, அது ஏறிய சூட்டில் 70 சதவீதத்தைத் திரும்ப எடுத்துவிட்டால் 109 என்பது 54 ஆகிவிடும்.

இப்போது பிஸ்டன் மேலே வந்து அழுத்திய பிறகு, பிளக் பொறி விடுவதற்கு முன் உள்ளே இருக்கும் சூட்டைக் கணக்கிடுங்கள். இன்டர்கூலர் இல்லாமல், விகிதம் 8.0: சுமார் 520 டிகிரி. இன்டர்கூலரோடு, விகிதம் 9.4 அப்படியே: சுமார் 440 டிகிரி. பெட்ரோல் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி, சிலிண்டரில் மிஞ்சிய பழைய புகை இதையெல்லாம் விட்டுவிட்டுப் போட்ட கணக்குதான். நிஜ எண்கள் மாறும், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் திசை மாறாது.

புரிகிறதா? எஞ்சினைப் பிரித்து, பிஸ்டன் மாற்றி, ஒன்றரைப் புள்ளி விகிதத்தைத் தியாகம் செய்தவனுக்குக் கிடைத்ததைவிட, மூக்கில் ஒரு ரேடியேட்டர் மாதிரிப் பெட்டியை மாட்டியவனுக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் மறக்கக் கூடாது: குளிர்ந்த காற்று அடர்த்தியானது, எரியும்போது வரும் அழுத்தம் கூடும். அதைத் தாங்க ஹெட் கேஸ்கெட்டும் (சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் தகடு) போல்ட்டும் வேண்டும். டொயோட்டாவும் எம்ஆர்2-வில் எஞ்சினுக்கு மேலேயே இன்டர்கூலர் வைத்துத்தான் விற்றது.

அதனால் என்னிடம் யாராவது "விகிதம் எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "இன்டர்கூலர் இருக்கா?"

ஹெட் கேஸ்கெட்டைத் தடிமனாகப் போட்டு விகிதத்தைக் குறைக்கலாமா? அதுதான் சீப்பாக இருக்கிறது, அண்ணா.

சீப்தான் தம்பி. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நண்பன் ஒருவனுடைய 4ஏ-ஜிஇ. பிஸ்டன் வாங்கக் காசில்லை. தடித்த செம்பு கேஸ்கெட் ஒன்று வெட்டித் தருவதாக ஒரு பட்டறையில் சொன்னார்கள். 9.4-ஐ 8.5 ஆக்க ஒரு சிலிண்டருக்கு 5.7 சி.சி. கூடுதல் இடம் வேண்டும். கேஸ்கெட் துளை 82 மி.மீ. என்றால் அதற்கு 1.07 மி.மீ. கூடுதல் தடிமன். போட்டோம். காகிதத்தில் எல்லாம் சரி. மேடு ஏறும்போது மூன்றாவது கியரில் நாக்கிங். டைமிங்கைக் (பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னால் பிளக் பொறி விடுகிறது என்பதை) குறைத்தோம், சத்தம் குறைந்தது, வண்டியின் உயிரும் குறைந்தது. இன்னும் குறைத்தோம். ஒருநாள் சத்தமே இல்லை, நீலப் புகைதான்.

பிரித்தபோது மூன்றாவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) இரண்டாவது ரிங்குக்கும் நடுவே உள்ள வரப்பு ஒரு விரல்நுனி அகலத்துக்கு உடைந்து கழன்றிருந்தது. பிஸ்டன் தலையின் ஓரத்தில், இன்டேக் வால்வ் பக்கம், மணலை வீசி அடித்த மாதிரி பொடிப்பொடிக் குழிகள். நான்கு பிஸ்டனிலும் அதே ஓரம், அதே குழி.

காரணம் என்னவென்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தட்டையான ஓரமும் ஹெட்டின் தட்டையான ஓரமும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நெருங்க வேண்டும். இதை ஸ்குவிஷ் என்பார்கள். அந்த நெருக்கம் ஓரத்துக் கலவையைப் பிதுக்கி நடுவுக்குத் தள்ளுகிறது. ஓரத்தில் தானே வெடிக்க எதுவும் மிஞ்சாது, நடுவில் கலவை கலங்கித் தீ வேகமாகப் பரவும். நாங்கள் அந்த இடைவெளியை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் திறந்துவிட்டோம். பிதுக்குவது நின்றது. கலவை ஓரத்திலேயே உட்கார்ந்து வெந்தது. விகிதத்தைக் குறைத்து, நாக்கிங்குக்கு நாங்களே அறை கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

இன்னொரு கொசுறு: 4ஏ-யில் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) பெல்ட்டில் ஓடுகிறது. ஹெட்டைத் தூக்கினால் கேம் டைமிங் சற்று முன்னால் நகரும், இன்டேக் வால்வ் கொஞ்சம் சீக்கிரம் மூடும், குறைக்கப்போன அழுத்தத்தில் கொஞ்சத்தை அது திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

அடுத்த முறை குழிப் பிஸ்டன் போட்டு, ஸ்குவிஷை ஒரு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, விகிதத்தை 8.9 வைத்தோம். முன்பைவிட அதிகம். முன்பைவிட அதிக டைமிங். சத்தம் இல்லை.

நான்கு வால்வ் பென்ட்ரூஃப் (கூரை வடிவ) ஹெட்டில் ஸ்குவிஷ் பரப்பு குறைவுதான் என்று வாதாடுவார்கள், உண்மை. பழைய இரண்டு வால்வ் அமெரிக்க வி8-களில் இதன் விளைவு இன்னும் பெரிது. ஆனால் குறைவு என்பதால் வீணாக்கலாம் என்று அர்த்தமில்லை. 0.2, 0.3 மி.மீ. அதிகத் தடிமன் வரை நான் கண்டுகொள்ள மாட்டேன். அதற்கு மேல் போகிறவர்களுக்கு என் பிஸ்டனை எடுத்துக் காட்டுவேன், இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

அப்படியானால் குறைக்கிற சரியான வழி எது?

பிஸ்டன். தலையில் குழி உள்ள ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்து உருவாக்கிய) பிஸ்டன். குழி நடுவில், வால்வுகளுக்கு நேர் கீழே இருக்க வேண்டும், ஓரத் தட்டை அப்படியே இருக்க வேண்டும். 4ஏ-ஜிஸெட்இ-யின் அசல் பிஸ்டனும் ஃபோர்ஜ்டுதான். தலை முழுவதையும் லேத்தில் கொடுத்து மட்டமாகச் சீவிக் குறைப்பது, மறுபடியும் ஸ்குவிஷைத் தொலைக்கிற வேலை. அதோடு, பழைய வார்ப்பு பிஸ்டனில் தலை எவ்வளவு தடிமன் என்று தெரியாமல் சீவுவது கண்ணைக் கட்டிக்கொண்டு காய் நறுக்குகிற மாதிரி.

ஹெட்டில் எரியறையின் கூரான விளிம்புகளை மழுக்குவது நல்லது. சூடேறிச் சிவந்து தானே தீ மூட்டுகிற முனைகள் போய்விடும். அதில் அரை சி.சி. அளவுக்கு இடமும் கூடும். அதற்கு மேல் குடைய வேண்டாம், நான்கு அறையும் நான்கு விதமாகிவிடும்.

விகிதத்தை அளப்பது எப்படி? கேட்டலாக்கில் போட்டிருப்பது போதாதா?

போதாது. கேட்டலாக்கில் இருப்பது புது எஞ்சினின் கணக்கு. உங்களுடையதை யார் எத்தனை முறை ஹெட் ஃபேஸிங் (அடிப்பக்கத்தைச் சீவி மட்டமாக்குவது) பண்ணினார்கள் என்று அதற்குத் தெரியாது.

மெடிக்கல் சாமான் கடையில் 100 மி.லி. ப்யூரெட் ஒன்று வாங்குங்கள். ஒரு சின்ன அக்ரிலிக் தகட்டில் ஓரமாக ஒரு துளை போடுங்கள். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளையும் நீங்கள் போடப்போகும் அதே பிளக்கையும் மாட்டி, அறையின் விளிம்பைச் சுற்றி மெல்லிசாகக் கிரீஸ் தடவித் தகட்டை அழுத்துங்கள். துளை இருக்கும் பக்கம் சற்று மேலே இருக்கும்படி ஹெட்டைச் சாய்த்து வைப்பது முக்கியம், இல்லாவிட்டால் காற்றுக் குமிழி வெளியே போகாது. சாயம் கலந்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கடைசிக் குமிழி துளைக்கு நகர்ந்து வந்து கண் சிமிட்டி மறையும், அப்போது ப்யூரெட்டைப் படியுங்கள். வால்வ் ஓரத்தில் கசிந்தால் அளவு ஏறிக்கொண்டே போகும். அது உங்கள் வால்வ் சீட்டிங் பற்றி இலவசமாகக் கிடைத்த ரிப்போர்ட்.

பிஸ்டன் குழிக்கும் இதே முறைதான். பிஸ்டனை உச்சியிலிருந்து சரியாக 5 மி.மீ. இறக்கி, ஓரத்தைக் கிரீஸால் அடைத்து, அதே தகடு, அதே ப்யூரெட். 81 மி.மீ. போரில் 5 மி.மீ. உயரத்துக்கு 25.8 சி.சி. ஆகும். நீங்கள் ஊற்றியதில் அதற்கு மேல் எவ்வளவோ அதுதான் குழி.

இப்போது கூட்டுங்கள். ஒரு மாதிரிக்கு: அறை 38 சி.சி., கேஸ்கெட் அழுந்திய பின் 1 மி.மீ. என்றால் 5.3, பிஸ்டன் பிளாக்கின் மட்டத்துக்கு 0.1 மி.மீ. கீழே நின்றால் 0.5, குழி 6.4. மொத்தம் 50.2. 396.8-ஐ 50.2-ஆல் வகுத்து 1 கூட்டினால் 8.9. அதில் 1 சி.சி. தப்பாக அளந்தால் விகிதம் 0.15 மாறும். ஒரு மேஜைக்கரண்டியில் பதினைந்தில் ஒரு பங்கு! அதனால்தான் சொட்டுச் சொட்டாக.

ஒருமுறை எனக்குத் தெரிந்த கடைக்காரர், நான்கு அறையில் ஒன்றை மட்டும் அளந்து "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கொடுத்தார். வீட்டில் வந்து அளந்தால் முதலுக்கும் நான்காவதுக்கும் 1.4 சி.சி. வித்தியாசம். நாக்கிங் பெரும்பாலும் அதிக விகிதமுள்ள சிலிண்டரில்தான் ஆரம்பிக்கும், மற்ற மூன்றும் சாது என்பது அதற்குக் கணக்கில்லை.

ரீபோர் செய்தால் விகிதம் மாறுமா?

மாறும், கொஞ்சம். சிலிண்டரைக் குடைந்து 81-ஐ 81.5 ஆக்கினால் சிலிண்டர் 401.7 சி.சி. ஆகும். மேலே மிஞ்சும் இடம் அதே 50.2 என்றால் 8.9 என்பது 9.0.

குறைத்தால் எவ்வளவு சக்தி போகும்?

பயப்படும் அளவுக்கு இல்லை. சித்தாந்தக் கணக்கில் 9.4-இலிருந்து 8.5-க்கு வந்தால் திறனில் 3 சதவீதம் போல் இழப்பு, 8.0-க்கு வந்தால் 5 சதவீதம் போல். பூஸ்ட் கொடுப்பது அதைவிடப் பல மடங்கு. ஆனால் அந்த 5 சதவீதத்தை நீங்கள் நாள் முழுக்கக் கொடுக்கிறீர்கள், சிக்னலில் நிற்கும்போதும், டவுனுக்குள் ஊர்ந்து போகும்போதும். பூஸ்ட் வருவதோ ஆக்சிலரேட்டரை அமுக்கும்போது மட்டும். வண்டி தினமும் ஓடுகிற வண்டியா, ஞாயிற்றுக்கிழமை வண்டியா என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள்.

டர்போவுக்குச் சொல்கிற விகிதமே சூப்பர்சார்ஜருக்கும் பொருந்துமா?

கிட்டத்தட்ட. டர்போவும் காற்றை அழுத்துவதுதான், ஆனால் அதைச் சுற்றுவது எக்ஸாஸ்ட் புகை. ஒரு வித்தியாசம். பெல்ட்டில் ஓடும் ரூட்ஸ், ஸ்க்ரூ வகைகள் 2000 ஆர்.பி.எம்.மிலேயே பூஸ்ட்டைக் கொடுத்துவிடும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கலவை வேக அதிக நேரம் கிடைக்கிறது, நாக்கிங்குக்கு அதுதான் பிடித்த இடம். மேடு, மூன்றாவது கியர், முழு ஆக்சிலரேட்டர். டியூனிங்கில் அந்த மூலையை முதலில் சரிபாருங்கள், 6500 ஆர்.பி.எம்.மைப் பிறகு பார்க்கலாம். சென்ட்ரிஃப்யூகல் வகை (விசிறியால் காற்றை வீசி அழுத்தும் சூப்பர்சார்ஜர்) என்றால் பூஸ்ட் சுற்று ஏற ஏறத்தான் கூடும், கீழே நிம்மதி.

கேம் மாற்றினால் விகிதம் குறையுமா?

அளவுகோலில் மாறாது, எஞ்சினுக்கு மாறும். இன்டேக் வால்வ் மூடிய பிறகுதான் பிஸ்டன் நிஜமாக அழுத்த ஆரம்பிக்கிறது. வால்வைத் தாமதமாக மூடினால் உள்ளே வந்ததில் கொஞ்சம் திரும்ப வெளியே போய்விடும், அழுத்தும் தூரம் குறையும்.

இதை ஒரு கொள்கையாகவே செய்தவர்கள் உண்டு. மஸ்டா 1993-இல் மில்லர் முறையில் (இன்டேக் வால்வைத் தாமதமாக மூடுவது) ஒரு 2.3 லிட்டர் வி6 கொண்டுவந்தது. லிஷோல்ம் ஸ்க்ரூ சூப்பர்சார்ஜர், விகிதம் 10. நிஸான் மைக்ராவில் 2011-இல் வந்த 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் டிஐஜி-எஸ் எஞ்சினில் சூப்பர்சார்ஜரோடு விகிதம் 13! அந்தக் காலத்து ஐரோப்பிய மைக்ராக்கள் நம் சென்னைக்குப் பக்கத்தில் ஓரகடத்திலிருந்துதான் கப்பலேறின, ஆனால் அந்த எஞ்சின் இங்கே விற்பனைக்கு வரவில்லை. வயிற்றெரிச்சல்தான்.

வீட்டில் கட்டுகிறவருக்கு நான் சொல்வது: அதிக ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒரே சமயம் திறந்திருப்பது) உள்ள ரேஸ் கேம் வேண்டாம். அழுத்தத்தோடு உள்ளே தள்ளும் காற்று, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வ் வழியாக நேராக வெளியே ஓடிவிடும். காசு கொடுத்து அழுத்திய காற்று.

எந்தப் பெட்ரோலுக்கு எந்த விகிதம்?

முதலில் ஆக்டேன் எண்களை, அதாவது பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண்களை, குழப்பாதீர்கள். அமெரிக்க பங்க்கில் 93 என்று எழுதியிருப்பது வேறு அளவுகோல், நம் ஆர்.ஓ.என். கணக்கில் அது 97, 98 வரும். அவர்களின் 87 நம் 91-க்குச் சமம். அமெரிக்கர் ஒருவர் "93-இல் 9.5 ஓடுது" என்று எழுதியதைப் படித்துவிட்டு, இங்கே சாதாவை ஊற்றி அதையே செய்தால் பிஸ்டன் போகும்.

இந்தியாவில் 2020-இல் வந்த பி.எஸ்.6 (வாகனப் புகை) விதிப்படி சாதா பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 என்று வைத்தார்கள். ஈ20-க்கான (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தரம் 95. எக்ஸ்பி100 போல நூறும் சில ஊர்களில் கிடைக்கிறது. இலங்கையில் 92, 95 என்று போர்டிலேயே இருக்கும். எத்தனால் கலப்பைத் திட்டுகிறவர்கள் நிறைய, பழைய ரப்பர் ஹோஸ் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் பூஸ்ட் எஞ்சினுக்கு எத்தனால் நண்பன். ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சூட்டை உறிஞ்சும். பதிலுக்கு அதிகம் ஊற்ற வேண்டும், இன்ஜெக்டரை அதற்கேற்ற அளவில் போடுங்கள்.

4ஏ மாதிரி, பெட்ரோலைச் சிலிண்டருக்கு வெளியே இன்டேக் குழாயில் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின், 0.5 முதல் 0.6 பார், நல்ல இன்டர்கூலர், நிரந்தரமாக 95 கிடைக்கும் என்றால் நான் 8.8-க்கும் 9.0-க்கும் நடுவில் வைப்பேன். 91 மட்டும்தான் என்றால் 8.5. இன்டர்கூலர் வைக்க இடமே இல்லை என்றால் விகிதத்தை விட்டுவிட்டு பூஸ்ட்டை 0.3, 0.4-க்கு இறக்குவேன். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஷனை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு சோதனை எஞ்சினைக் கட்டி, எந்த எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்று அளந்தார். நமக்கு அந்த வசதி இல்லை, பிஸ்டன் போட்டால் போட்டதுதான். பூஸ்ட் என்றால் ஒரு புல்லியில் மாற்றிவிடலாம். ஏற்றுவது எப்போது வேண்டுமானாலும் நடக்கும்.

என் எஞ்சினில் 10.3 இருக்கிறது. பிரிக்காமல் அப்படியே சூப்பர்சார்ஜர் மாட்டலாமா?

குறைந்த பூஸ்டில், நல்ல பெட்ரோலில், இன்டர்கூலரோடு, சரியாக டியூன் செய்த இ.சி.யு.வோடு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நாலில் ஒன்று தவறினாலும் அசல் வார்ப்பு பிஸ்டன் மன்னிக்காது. 0.3 பாருக்கு மேல் நான் துணிய மாட்டேன்.

நாக்கிங் இருக்கிறதா என்று காதால் கேட்டால் போதுமா?

வேகமாகப் போகும்போது எக்ஸாஸ்ட் சத்தத்தில் காது ஏமாற்றும். பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுப் பொடி தூவியது போல் கரும்புள்ளிகள் இருந்தால் எச்சரிக்கை. அதோடு பளபளக்கும் சின்ன வெள்ளி மணிகள் இருந்தால் அது உங்கள் பிஸ்டனின் அலுமினியம். வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

டைமிங்குக்கு ஆரம்பப் புள்ளியாக, ஒரு பி.எஸ்.ஐ. பூஸ்ட்டுக்கு ஒரு டிகிரி குறைப்பது என்று ஒரு பழக்கம் உண்டு. 0.6 பார் என்றால் சுமார் 8.7 பி.எஸ்.ஐ., அதாவது 9 டிகிரி போல. ஆரம்பிக்க நல்லது, அங்கிருந்து டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் மேடை) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக மாற்றுங்கள், கேப் 0.7 மி.மீ. வையுங்கள்.

ரிங் கேப்பை மாற்ற வேண்டுமா?

கண்டிப்பாக. ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே விடும் இடைவெளிதான் ரிங் கேப், நிறையப் பேர் மறப்பது இதைத்தான். பூஸ்டில் முதல் ரிங் அதிகம் சூடேறி நீளும். இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் ரிங் சிலிண்டரைப் பிடித்து பிஸ்டனின் வரப்பை உடைக்கும். அதைப் பார்த்துவிட்டு நாக்கிங் என்று எல்லோரும் விகிதத்தின் மேல் பழி போடுவார்கள். சாதா எஞ்சினுக்கு 81 மி.மீ. போரில் 0.32 மி.மீ. வைப்பீர்கள் என்றால் இதற்கு 0.42, 0.45 வரை போகலாம். பிஸ்டன் கம்பெனி ஏதாவது எண் கொடுத்திருந்தால் அதுதான் சட்டம்.

கட்டி முடித்துவிட்டேன். கம்ப்ரஷன் கேஜில் நான்கிலும் 150 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. முன்பு 185 இருந்தது. விகிதம் எவ்வளவு என்று அதிலிருந்து சொல்ல முடியுமா?

முடியாது. கேஜ் காட்டுவது ஸ்டார்ட்டர் சுற்றும் வேகம், பேட்டரி, கேம், ரிங் புதுசா பழசா, திராட்டில் முழுக்கத் திறந்ததா என்பதெல்லாம் சேர்ந்த எண். குறைந்திருப்பது நீங்கள் செய்த வேலைக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான். அதில் பார்க்க வேண்டியது நான்கும் ஒன்றாக இருக்கிறதா என்பது. உங்களுக்கு இருக்கிறது. 500 கிலோமீட்டர் பூஸ்ட் இல்லாமல் ஓட்டி ரிங்குகள் உட்கார்ந்த பிறகு மறுபடி ஒருமுறை எடுத்து, இரண்டு எண்களையும் டைமிங் கவரின் உட்பக்கம் மார்க்கரில் எழுதி வையுங்கள்.